அத்தை ஏறி வந்த பக்கம்

2025 பெப்ரவரி 18, செவ்வாய் – இரத்தினபுரி, கிலிமலை, பலாபத்தல

மஸ்கெலியாவில் பிறந்தவர்களுக்குச் சிவனொளிபாத மலை வாசலில் நிற்கும் மலை. பல் துலக்கும்போது தெரியும், பள்ளிக்கூடம் போகும்போது தெரியும், மழைக்காலத்தில் மட்டும் சில வாரங்கள் கண்ணில் படாது. இதுவரை நான்கு தடவை ஏறியிருக்கிறேன். நான்கும் நல்லதண்ணியிலிருந்துதான். அந்தப் பக்கம் படிக்கட்டு உண்டு, மின்விளக்கு உண்டு, மூச்சு வாங்கும் இடமெல்லாம் தேநீர்க் கடை உண்டு.

அந்த மலைக்கு ஒரு முதுகுப்புறமும் உண்டு என்று எனக்குச் சொன்னவர் அப்பாயி, அப்பாவின் அம்மா. சாயங்காலம் விறகு பிளந்து முடித்ததும் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து மலையைக் காட்டுவார். "அதற்கு அந்தப் பக்கம்தான் உன் அத்தை வாழ்க்கைப்பட்டிருந்தாள்" என்பார்.

அப்பாவின் அக்காவை 1965இல் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் இன்றும் அவர் இரத்தினபுரி அத்தைதான். மஸ்கெலியாவிலிருந்து இரத்தினபுரிக்கு வீதியால் போனால் ஹட்டன் இறங்கி, அவிசாவளை சுற்றி, ஒரு பகல் முழுவதும் போய்விடும். பஸ் காசும் கட்டுப்படியாகாது. அதனால் தாயும் மகளும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒவ்வொரு வருடமும் மாசி மாதத்தில் ஒரு நாள் குறித்து, அப்பாயி நல்லதண்ணியிலிருந்து ஏறுவார், அத்தை இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து ஏறுவார். உச்சியில் மணிக்குப் பக்கத்தில் சந்திப்பார்கள். அப்பாயி லயத்துத் தோட்டத்தில் விளைந்த கரட், கோவா, லீக்ஸ் கொண்டுபோவார். அத்தை குளிர்நாட்டில் விளையாத ஈரப்பலாக்காயும் பாக்கும் கித்துள் வெல்லமும் கொண்டுவருவார். மாற்றிக்கொண்டு, ஒரு மணி நேரம் பேசிவிட்டு, ஆளுக்கொரு பக்கம் இறங்கிவிடுவார்கள். இப்படி எட்டு வருடம்.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று இரண்டு நாட்டு அரசுகளும் எழுதிக்கொண்டன. அந்தக் கணக்கில் அத்தையின் குடும்பம் ஐந்து பேர். 1973இல் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். இப்போது கோத்தகிரியில் மகளுடன் இருக்கிறார், வயது 78. நான் அவரைத் தொலைபேசியில் மட்டுமே கண்டிருக்கிறேன்.

"அவள் பக்கம் கொஞ்சம் தூரம் கூட" என்று அப்பாயி சொல்வார். அந்தக் கொஞ்சம் தூரத்தை நடந்து பார்க்க வேண்டும் என்று எனக்குப் பல வருட ஆசை. அண்ணன் கடைக்குச் சாமான் எடுக்கக் கொழும்புக்கு வந்திருந்தார். அவருடைய மகன், என் மருமகன், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறான். மூன்று பேரும் வத்தளையில் என் வீட்டிலிருந்து விடியற்காலையில் கிளம்பினோம்.

இரத்தினபுரி பஸ் நிலையத்தில் இறங்கியதும் நீராவியில் நுழைந்தது போலிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வீதியோரத்தில் இரத்தினக்கல் வியாபாரிகள் மடித்த வெள்ளைக் காகிதத்தை உள்ளங்கையில் விரித்து, வெயிலுக்குக் கல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக் கடையில் சோறும் மூன்று மரக்கறியும் 380 ரூபாய். கடை வானொலியில் நேற்றைய வரவு செலவுத் திட்டம் ஓடிக்கொண்டிருந்தது: தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,700 ரூபாய் ஆக்குவதற்கான யோசனை. அண்ணன் சோற்றில் கை வைத்தபடியே அசையாமல் கேட்டார். எங்கள் அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர்.

பலாபத்தலைக்கான பஸ் எங்கள் கண் முன்னாலேயே புறப்பட்டுப் போய்விட்டது. அடுத்தது எப்போது என்று கேட்ட மூன்று பேரும் மூன்று நேரம் சொன்னார்கள். முச்சக்கரவண்டிக்காரர் 2,600 கேட்டு 2,200க்குச் சம்மதித்தார். வழியில் கிலிமலையில் தானாகவே வண்டியை நிறுத்தி, "நல்ல வெல்லம் வேண்டுமென்றால் இந்த அம்மாவிடம் வாங்குங்கள்" என்று ஒரு வீட்டைக் காட்டினார்.

கிலிமலை சின்ன ஊர்தான், ஆனால் மலைக்குப் போகிறவர்களுக்குச் சோறு போட்ட ஊர். பதினோராம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் விஜயபாகு, யாத்திரிகர்கள் வழியில் படும் பாட்டைப் பார்த்து, அவர்களுக்கு உணவளிக்க இந்த ஊரின் வருவாயை ஒதுக்கினான் என்று சூளவம்சம் சொல்கிறது. அந்தப் பழக்கம் மண்ணில் ஊறியிருக்கிறதோ என்னவோ, வெல்லம் விற்ற அம்மா முதலில் தண்ணீர் கொடுத்தார், பிறகு பிளேன்டீ கொடுத்தார், அதற்குப் பிறகுதான் விலையைச் சொன்னார்: கிலோ 1,400.

சிரட்டையில் ஊற்றி உறையவைத்த இரண்டு பாதிகளை முகத்தோடு முகம் வைத்து, வாழைச் சருகில் சுற்றி நாரால் கட்டியிருந்தார். ஒன்றைப் பிரித்து நகத்தால் கீறிக் காட்டினார். கித்துள் பூம்பாளையைச் சீவி இறக்கிய பதநீரை மட்டும் காய்ச்சிய வெல்லம் மங்கலாகத்தான் இருக்குமாம், கீறினால் மணல் மாதிரி உதிருமாம். சீனி கலந்தது பளபளக்கும், கல்லாக இருக்கும், நாக்கில் கரைய நேரம் எடுக்கும். எனக்கு ஒரு துணுக்குக் கொடுத்தார். முதலில் புகை மணம், பிறகுதான் இனிப்பு. இரண்டு கட்டு வாங்கி என் முதுகுப்பைக்குள் துண்டில் சுற்றி வைத்தேன். ஒன்று அம்மாவுக்கு. மற்றது யாருக்கு என்று அப்போது யோசிக்கவில்லை.

பலாபத்தலையில் ஒரு வயதான சிங்கள அம்மாவின் வீட்டில் அறை, மூன்று பேருக்கும் 2,500. வந்ததும் என் காலணியைப் பார்த்து, "நங்கி, நாளைக்கு அட்டை நிறைய இருக்கும்" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, இடியுடன் மழை தொடங்கிவிட்டது. ஓட்டுக் கூரையில் மழை கொட்டும் சத்தத்தில் நாங்கள் கத்திப் பேச வேண்டியிருந்தது. இரவுச் சாப்பாடு சிவப்பரிசிச் சோறு, பலாக்காய்க் கறி, கருவாடு, அரைத்த தேங்காய்ப்பூ போட்ட கீரைச் சுண்டல். இந்த ஊரின் பெயருக்கே கீரையும் சோறும்தான் காரணம் என்றார். மலையேறப் புறப்பட்ட ஏழைப் பெண் ஒருத்தியிடம் கீரை மட்டுமே இருந்ததாம். இங்கே அடுப்பு மூட்டிச் சட்டியைத் திறந்தபோது கீரை சோறாகியிருந்ததாம். சிங்களத்தில் பலா என்றால் கீரை, பத் என்றால் சோறு. ஒரு தேங்காய் 220 ரூபாய் விற்கும் நாளில் தேங்காய்ப்பூவை அவ்வளவு தாராளமாகப் போட்டிருந்தார்.

2025 பெப்ரவரி 19, புதன் – பலாபத்தல முதல் ஹெரமிட்டிபான வரை

காலை ஆறரைக்கே வானம் கழுவிவிட்டது போல் இருந்தது. வீட்டுக்கார அம்மா சவர்க்காரக் கட்டியை நனைத்து எங்கள் காலுறைகளின் மேல் தேய்த்துவிட்டார், குழந்தைகளுக்குச் செய்வது போல. அட்டை சவர்க்காரத்தை விரும்பாது.

பாதை தொடங்கும் இடத்தில் எம்பிலிப்பிட்டியிலிருந்து வந்த பதினான்கு பேர் வெள்ளை உடுத்து நின்றார்கள். பாட்டிமார் நான்கு பேர், பிள்ளைகள் மூன்று பேர். இப்படிக் கூட்டமாகப் போவதை நடே என்பார்கள். வழிநடத்துபவர் நடே குரா. இவர்களுடைய நடே குராவுக்கு எழுபது வயதிருக்கும், வெறுங்காலில் நின்றார். ஒவ்வொருவரிடமும் ஒரு நாணயம் வாங்கி, மஞ்சள் தண்ணீரில் நனைத்த வெள்ளைத் துணித் துண்டில் முடிந்து, மலையின் காவல் தெய்வமான சமனுக்கு நேர்ந்துகொண்டார். எங்களைப் பார்த்து, "நீங்கள் மூன்று பேர்தானா? மூன்று பேர் ஒரு நடே ஆகாது, எங்களோடு வாருங்கள்" என்றார். நாங்கள் தமிழர் என்பது பெயர் கேட்டபோது தெரிந்தது. மூன்று நாணயம் கொடுத்தோம், எங்களுடையதையும் அதே துணியில் முடிந்தார்.

முதல் தடவை வருகிறவர்களைக் கோடு என்று அழைப்பார்கள். நான் நான்கு தடவை ஏறியவள் என்றேன். எந்தப் பக்கம் என்று கேட்டார். நல்லதண்ணி என்றதும், "அப்படியென்றால் இந்தப் பக்கத்துக்கு நீங்களும் கோடுதான்" என்று என் மருமகனுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று ஒரு மணி நேரத்தில் புரிந்தது. நல்லதண்ணியில் தொடங்கினால் சுமார் 1,000 மீற்றர் உயரம் ஏறினால் போதும். அது ஏற்கெனவே உயரத்தில் இருக்கும் ஊர். பலாபத்தல தாழ்நாட்டின் விளிம்பு. இங்கிருந்து 2,243 மீற்றர் உச்சிக்குப் போக ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு ஏற வேண்டும். கல்லும் வேரும் மாறி மாறி வரும் பாதை. சில இடங்களில் படி, சில இடங்களில் வெறும் பாறை, சில இடங்களில் இரவு மழை ஓடிய வாய்க்கால்தான் பாதை. பெரிய மரங்களுக்கு அடியில் காற்றே இல்லை. எட்டு மணிக்குள் என் சட்டை பிழியும் நிலைக்கு வந்துவிட்டது.

அட்டைகளைப் பற்றி அந்த அம்மா கூட்டிச் சொல்லவில்லை. சருகின் நுனியில் நூல்போல எழுந்து நின்று ஆடும். காலடி அதிர்வு கேட்டால் அத்தனையும் ஒரே பக்கம் திரும்பும். என் மருமகன் முதலில் எண்ணிக்கொண்டு வந்தான், பத்தொன்பதோடு நிறுத்திவிட்டான். ஒரு பாட்டி எலுமிச்சம்பழத்தை வெட்டி அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

இறங்கி வருகிறவர்கள் எதிர்ப்படும்போதெல்லாம் "கருணாவாய்" என்றார்கள். நாங்களும் "கருணாவாய்" என்றோம். நல்லதண்ணிப் பக்கத்திலும் இதைக் கேட்டிருக்கிறேன். அங்கே கூட்டத்தின் சத்தத்தில் கரைந்துபோகும். இங்கே அரை மணிக்கு ஒருவர்தான் எதிர்ப்படுகிறார். நின்று, கண்ணைப் பார்த்து, சொல்லிவிட்டுப் போகிறார். அந்தச் சொல்லுக்கு அவ்வளவு இடம் கிடைக்கிறது.

ஒன்பது மணிவாக்கில் ஒரு திருப்பத்தில் சுமைகாரர் ஒருவர் எங்களைக் கடந்தார். தலையில் மடித்த சாக்கு, அதன் மேல் மாவு மூட்டை, அதற்கும் மேல் ஒரு பெட்டி. ஒரு படியில் நேராகக் கால் வைக்கவே இல்லை. இடது ஓரம், வலது ஓரம் என்று குறுக்காகப் போனார். ஒவ்வோர் அடியும் அரை அடிதான். இளைப்பாற வேண்டுமென்றால் உட்காரவில்லை. பாதையோரப் பாறை ஒன்றில் மூட்டையின் கனத்தைச் சாய்த்து, கண்ணை மூடி, பத்து மூச்சு விட்டுவிட்டு நகர்ந்தார். உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும் என்று பிறகு சொன்னார்.

நானும் அண்ணனும் பேசியதைக் கேட்டுத் தலையைத் திருப்ப முடியாமல் அப்படியே நின்று, "நீங்கள் ஹட்டன் பக்கமா அண்ணே?" என்றார். தமிழர். இரத்தினபுரிப் பக்கத்து இறப்பர் தோட்டத்தில் பிறந்தவர். யாத்திரைப் பருவத்தில் சுமை தூக்குகிறார், கிலோக் கணக்கில் கூலி. தேநீர்க் கொட்டிலில் மூட்டையை இறக்கியபோது அவர் நெற்றியில் சாக்கின் பின்னல் அப்படியே பதிந்திருந்தது.

அத்தை இருந்த தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். தெரியும் என்றார். அங்கே இப்போது தமிழ்க் குடும்பங்கள் மிகக் குறைவு. மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது, ஆடியில் விளக்கு வைக்கிறார்கள். தன் பிள்ளைகள் பக்கத்துச் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள், தமிழ்ப் பள்ளிக்கூடம் தூரம். "வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். எழுதத்தான் தெரியாது" என்றார். அண்ணன் அவருடைய தேநீருக்கும் காசு கொடுத்தார். 100 ரூபாய்த் தேநீர். அதைக் காய்ச்சிய தூளும் சீனியும் இவர் போன்ற ஒருவரின் தலையில் ஏறி வந்தவைதான், யார் விலையைக் குறை சொல்ல முடியும்?

மஸ்கெலியாவில் நாங்கள் மலையைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறோம். அதன் மறுபக்கம் எங்களைப் போலவே லயத்தில் பிறந்தவர்கள் இன்னமும் இருக்கிறார்கள் என்பதை ஒருநாளும் பேசியதில்லை. அத்தை போனதோடு அந்தப் பக்கமே ஆளில்லாமல் போய்விட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது எனக்கு வெட்கமாக இருந்தது.

நீலிஹெல என்ற இடத்தில் பாதை ஒரு பெரும் பள்ளத்தின் விளிம்பைத் தொட்டுப் போகிறது. நீலி என்ற பெண் இங்கிருந்து விழுந்தாள் என்பது கதை. போகிறவர்கள் எல்லாரும் அவளைக் கூப்பிட வேண்டும், அவள் பதில் தருவாள். பாட்டிமார் வரிசையாக நின்று "நீலி அக்கே" என்று இழுத்துக் கூப்பிட்டார்கள். பள்ளம் முழுவதும் வெண்மூட்டம். எதுவும் திரும்பி வரவில்லை. எல்லாரும் நகர்ந்த பிறகு மருமகன் மட்டும் நின்று தமிழில் "நீலி அக்கா" என்றான். சற்றுப் பொறுத்து, நனைந்த குரல்போல "அக்கா" மட்டும் வந்தது. அவன் முகம் வெளிறிவிட்டது. நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

சீத கங்குலவில் குளித்தோம். பெயரிலேயே குளிர் இருக்கிறது. மலைக்குப் போகிறவர்கள் இங்கே உடலைக் கழுவிச் சுத்த உடை உடுத்துவது வழக்கம். முழங்கால் வரை இறங்கியதும் எலும்பு வலித்தது. தலைக்கு ஊற்றியபோது மூச்சு நின்று திரும்பியது. கரையில் நடே குரா தேங்காய் ரொட்டியும் கட்டசம்பலும் பிரித்துக் கொடுத்தார். எங்களிடம் இருந்த பிஸ்கட்டைக் கொடுத்தோம். அதை முதலில் வாங்கிக்கொண்டவர்கள் பிள்ளைகள் அல்ல, பாட்டிமார்தான்.

அதற்கு மேலே மரங்கள் குட்டையாகின்றன. கிளையெல்லாம் பாசி, பாசியெல்லாம் தண்ணீர். இடையிடையே மகாரத்மல் சிவப்பாகப் பூத்திருந்தது. மூட்டத்துக்குள் அந்தச் சிவப்பு மட்டும் தனியாகத் தெரியும். நாலரைக்கு ஹெரமிட்டிபான வந்து சேர்ந்தோம். ஹெரமிட்டி என்றால் ஊன்றுகோல். எனக்கு இரண்டு தேவைப்பட்டிருக்கும்.

யாத்திரிகர் தங்கும் அம்பலத்தில் பாய் விரித்துப் படுத்தோம். தேநீர் 120, ரொட்டி 100, போர்வை வாடகை 300. இருட்டிய பின் குளிர் தரையிலிருந்து ஏறியது. பக்கத்தில் ஒரு பாட்டி என்னிடம் கேட்காமலேயே சித்தாலேப தைலத்தை என் முழங்காலில் தடவிவிட்டு, தன் பாயில் போய்ப் படுத்துக்கொண்டார். தூங்குவதற்கு முன் நினைத்தேன்: அத்தை இந்த வழியில் வந்தபோது முதல் வருடம் மட்டும்தான் தனியாள். பிறகு இடுப்பில் பிள்ளை, அதற்குப் பிறகு இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. ஈரப்பலாக்காய் வேறு. அப்பாயிக்கு இந்தப் பக்கம் தெரியாது. தெரிந்திருந்தால் வரச் சொல்லியிருக்க மாட்டார்.

2025 பெப்ரவரி 20, வியாழன் – உச்சி, நல்லதண்ணி, மஸ்கெலியா

இரண்டரைக்கு எழுப்பினார்கள். அரைத் தேய்பிறை நிலவு. கொத்தமல்லித் தண்ணீர் குடித்துவிட்டுக் கைவிளக்கோடு புறப்பட்டோம்.

மகாகிரிதம்பவைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன், நேரில் காணும்வரை நம்பவில்லை. பாறையின் நெற்றியில் படி வெட்டி, இரும்புக் கம்பி போட்டிருக்கிறார்கள். 1344இல் இங்கே ஏறிய மொரோக்கோப் பயணி இப்னு பதூதா பத்துச் சங்கிலிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் காலத்திலேயே இரண்டு வழிகள் இருந்தன: பாபா (ஆதம்) வழி கடினமானது, மாமா (ஏவாள்) வழி எளியது. எளிய வழியால் ஏறியவரை யாத்திரை செய்தவராகவே எண்ண மாட்டார்களாம், அது இறங்குவதற்கு மட்டும். அந்த வரிகளை முன்பு படித்தபோது சுவையான செய்தியாக இருந்தது. இருட்டில், ஈரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே எதுவும் தெரியாத இடத்தில் நிற்கும்போது அதை எழுதியவரின் மூச்சு வாங்கலே கேட்டது.

பாதியில் வழுக்கினேன். வலது கால் பாசிப் பாறையில் போய்விட்டது. கம்பியை விடவில்லை, ஆனால் முதுகு பாறையில் மோதி, பை நசுங்கியது. முழங்கை சிராய்ந்தது. மேலே இருந்த அண்ணனுக்கு முன்பே, கீழே வந்த ஒரு பாட்டி என் குதிகாலைத் தன் இரண்டு கைகளாலும் தாங்கிப் படியில் வைத்தார். ஏதோ சொன்னார், எனக்கு விளங்கவில்லை. அவர் விரல்களின் சூடு காலுறை தாண்டித் தெரிந்தது.

ஐந்தரைக்கு உச்சி. சட்டென்று கூட்டம். நல்லதண்ணிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் சுவரோடு சுவராக நெருங்கி நின்றார்கள். ஒரு பகல் முழுவதும் முப்பது பேருக்கு மேல் கண்டிராத கண்ணுக்கு அது திருவிழாவாக இருந்தது. செருப்பைக் கழற்றிய இடத்தில் சிமெந்துத் தரை ஐஸ் கட்டி. பாதத்தை வணங்கினோம். நமக்கு அது சிவன் பாதம், எங்கள் நடேக்குப் புத்தர் பாதம், இப்னு பதூதாவுக்கு ஆதம் பாதம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற நடே குரா, நாங்கள் மூன்று பேரும் கொடுத்த நாணயங்களும் இருந்த துணியை அவிழ்க்காமல் அப்படியே செலுத்தினார்.

ஏறிய எண்ணிக்கைக்கு ஏற்ப மணி அடிப்பது வழக்கம். நடே குரா அடித்துக்கொண்டே இருந்தார். முப்பத்தொன்று வரை எண்ணினேன். நான் ஐந்து தடவை அடித்தேன். பிறகு சற்று விலகி, அந்த மணிக்குப் பக்கத்தில் நின்றேன். இரண்டு பேர் கூடை வைத்து உட்கார்ந்து பேசும் அளவுக்குத்தான் இடம். எந்த மூலையில் உட்கார்ந்திருப்பார்கள் என்று அண்ணனும் நானும் பேசிக்கொண்டோம். காற்றுப் படாத மூலை ஒன்றுதான் இருந்தது.

ஆறரைக்குச் சற்று முன்னால் மேளமும் கொம்பும் ஒலிக்க, சூரியன் கிளம்பியது. எல்லாரும் கிழக்கே பார்த்தார்கள். நான் மேற்கே போனேன். மலையின் நிழல் முக்கோணமாக, ஒரு மடிப்பும் இல்லாமல், மூட்டத்தின் மேல் விரிந்துகிடந்தது. முன்பும் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் அது எங்கே விழுகிறது என்று கேட்டதில்லை. எங்கள் வீட்டுப் பக்கம் வெயில் ஏறும் நேரத்தில், இந்தப் பக்கத்து ஊர்கள் மலையின் நிழலுக்குள் இருக்கின்றன.

எங்கள் நடே வந்த வழியே திரும்பியது. நாங்கள் நல்லதண்ணிக்கு இறங்குகிறோம் என்றதும் பாட்டிமார் ஒவ்வொருவராகக் கன்னத்தைத் தொட்டு விடை கொடுத்தார்கள். என் குதிகாலைத் தாங்கியவர் யார் என்று கேட்டேன். நான்கு பேரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள்.

இறக்கத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், ஒவ்வொன்றும் முழங்காலில் இறங்கியது. இந்திகட்டுபானவில் வழி நெடுக யாத்திரிகர்கள் வெள்ளை நூல் இழுத்துக் கட்டியிருந்தார்கள். பதினொன்றரைக்கு நல்லதண்ணி. கடைக்காரப் பையன் "அக்கா, சூடாக வடை" என்று தமிழில் கூப்பிட்டபோது தொண்டை அடைத்தது. வடை 80, பிளேன்டீ 60.

மஸ்கெலியா பஸ்ஸில் மவுசாகலை நீர்த்தேக்கத்தைச் சுற்றி வந்தோம். அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் இந்தத் தண்ணீருக்கு அடியில் போனது. நீர் நன்றாக வற்றும் காலத்தில் பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தலைகாட்டும். இப்போது தண்ணீர் நிறைய இருந்தது. மருமகன் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டான், அவன் கழுத்தில் காய்ந்த ரத்தக் கோடு ஒன்று. கடைசி அட்டை.

2025 பெப்ரவரி 21, வெள்ளி – வீடு

பத்து மணி நேரம் தூங்கியிருக்கிறேன். எழுந்து நின்றதும் தொடை இரண்டும் பிடித்துக்கொண்டன, சுவரைப் பிடித்துத்தான் முற்றத்துக்கு வந்தேன். மலை தெளிவாகத் தெரிந்தது.

பையைப் பிரித்தோம். ஒரு கட்டு வெல்லம் நான் விழுந்ததில் பொடிப்பொடியாகிச் சருகோடு கலந்துவிட்டது. மற்றது இரண்டு பாதியும் முழுசாக இருந்தது. அம்மா உடைந்ததைப் பொறுமையாகச் சருகிலிருந்து பொறுக்கித் தட்டில் போட்டு, ஆளுக்கு ஒரு துண்டாக உள்ளங்கையில் வைத்தார். சீனி போடாத பிளேன்டீயோடு கடித்துக்கொண்டோம். "உன் அப்பா இந்த வெல்லத்தைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டே இருப்பார்" என்றார். அப்பா சிறுவனாக அப்பாயியுடன் இரண்டு தடவை அந்தச் சந்திப்புக்குப் போயிருக்கிறார். அம்மா கல்யாணமாகி வந்தபோது அத்தை இந்தியா போய் மூன்று வருடம் ஆகிவிட்டது.

கோத்தகிரிக்கு அழைத்தோம். அத்தைக்குக் காது மந்தம். மகள் தொலைபேசியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். பலாபத்தலையால் ஏறினோம் என்று அண்ணன் மூன்று தடவை சொன்ன பிறகுதான் விளங்கியது. அத்தை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "மழை பெய்திருந்ததா?" என்று கேட்டார்.

முதல் நாள் இரவு பெய்தது என்றேன்.

"அப்படியென்றால் மகாகிரிதம்பவில் செருப்போடு ஏறக்கூடாது. கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். உனக்கு யாரும் சொல்லவில்லையா?"

என் முழங்கையைத் திரையில் காட்டினேன். "பார், பார்" என்று மகளிடம் சொன்னார். தானும் முதல் வருடம் அதே இடத்தில் விழுந்ததாகவும், பாக்கெல்லாம் உருண்டு போய்விட்டதாகவும், அதை அப்பாயியிடம் சொல்லவே இல்லை என்றும் சொன்னார். எட்டு வருடமும் சொல்லவில்லையா என்று அண்ணன் கேட்டார். "சொன்னால் அடுத்த வருடம் வரவேண்டாம் என்பார்களே" என்றார் அத்தை.

அம்மா தொலைபேசிக்கு முன்னால் தட்டை நகர்த்தினார். அத்தை கண்ணைச் சுருக்கிப் பார்த்து, அது கிலிமலை வெல்லமா, நகத்தால் கீறிப் பார்த்தீர்களா என்று கேட்டார். கீறினோம், உதிர்ந்தது என்றேன்.

மருமகன் முழுக் கட்டை எடுத்துச் சருகின் மேல் தாள் சுற்றிக்கொண்டிருக்கிறான். வெல்லம் வெளிநாட்டுத் தபாலில் போகுமா, எறும்பு வராமல் எதில் வைக்க வேண்டும் என்று திங்கட்கிழமை தபால் கந்தோரில் அண்ணன் கேட்டு வருவதாக இருக்கிறது. அம்மா அதற்குள் பழைய பால்மா டின் ஒன்றைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டார்.